மும்பையில் யூதப் பண்டிகைகள்: எப்போது, எங்கே, எப்படி

வேலை மாற்றலில் மும்பைக்கு வந்திருக்கிறீர்கள். காலா கோடா பக்கம் நடந்தபோது அந்த நீல நிற ஜெப ஆலயத்தைப் பார்த்துவிட்டு, இங்கே யூதர்கள் இன்னும் பண்டிகை கொண்டாடுகிறார்களா, எந்த மாதத்தில், வெளியாள் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொண்டாடுகிறார்கள், நீங்களும் போகலாம், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டும். இரண்டே வரியில் பதில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இந்த நகரத்தில் நான் மிகவும் நேசிக்கிற விஷயங்களில் இது ஒன்று, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அப்பா ரயில்வேயில் இருந்தார். பைகுல்லா குவார்ட்டர்ஸில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்தது ஒரு பெனே இஸ்ரேல் குடும்பம். அந்தக் காலத்தில் ரயில்வே, தபால், அரசு அலுவலகம் எங்கே போனாலும் அவர்களில் ஒருவராவது இருப்பார். பேசுவது மராத்தி, பெயரின் கடைசியில் ஊர்ப் பெயரோடு ‘கர்’ இருக்கும், புடவை கட்டுவார்கள், மீன் குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றுவார்கள். அவர்கள் யூதர்கள் என்பதே எனக்குப் பத்து வயதுக்கு மேல்தான் தெரியும். அந்த வீட்டு அம்மாவை நான் மாவ்ஷி என்றுதான் கூப்பிடுவேன், நம் ஊரில் சித்தி என்பது போல. பண்டிகை பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவருடைய அடுப்படியில் நின்று தெரிந்துகொண்டது.

முதலில் யார் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் குழம்பும். மும்பையில் இரண்டு யூதச் சமூகங்கள் உண்டு. டேவிட் சசூன் குடும்பத்தைப் போல 19-ம் நூற்றாண்டில் வியாபாரத்துக்கு வந்த பாக்தாதி யூதர்கள் ஒன்று. நீங்கள் பார்த்த கெனேசெத் எலியாஹூ (1884), பைகுல்லாவில் மணிக்கூண்டோடு நிற்கிற மாகேன் டேவிட் (1864) எல்லாம் அவர்கள் கட்டியவை. மற்றது பெனே இஸ்ரேல். கொங்கண் கடற்கரையில், அலிபாக் பக்கத்து நவ்காவ் அருகே கப்பல் உடைந்து, கரையேறிய ஏழு ஜோடிகளின் வாரிசுகள் நாங்கள் என்று சொல்வார்கள். பல நூற்றாண்டுகள் அந்தக் கிராமங்களில் செக்காட்டி எண்ணெய் எடுத்துப் பிழைத்தவர்கள், சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது, அதனால் ஊரார் வைத்த பெயர் ‘சனிவார் தேலி’, சனிக்கிழமை வாணியர். 18-ம் நூற்றாண்டில் பம்பாய்க்குக் குடிவந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த சாமுவேல் எசேக்கியேல் திவேகர் 1796-ல் மாண்டவியில் முதல் ஜெப ஆலயத்தைக் கட்டினார். திப்பு சுல்தானிடம் போர்க் கைதியாக இருந்து தப்பியதற்கு நேர்ந்துகொண்டு கட்டியது என்பார்கள். ஜெப ஆலயத்தை அவர்கள் மஸ்ஜித் என்றே அழைத்ததால், மஸ்ஜித் பந்தர் ரயில் நிலையத்தின் பெயரே அந்த ஆலயத்தை வைத்து வந்ததுதான் என்று அவர்கள் சொல்வார்கள்.

நான் எழுதப்போவது முக்கியமாக பெனே இஸ்ரேல் பண்டிகைகள் பற்றி. காரணம், புத்தகமும் ரபிகளும் (யூத மதகுருக்களும்) இல்லாமல், வீட்டுப் பழக்கத்தை மட்டுமே வைத்து, கொங்கணத்தின் மழைக்கும் அறுவடைக்கும் நடுவில் அந்தப் பண்டிகைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியிருக்கிறார்கள். அவற்றுக்கு ஹீப்ரு பெயர்கள் மறந்துபோய், மராத்தியில் அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர்களைக் கேட்டாலே பண்டிகை எப்படி நடந்திருக்கும் என்று புரிந்துவிடும்.

நாட்காட்டி விஷயம் நமக்குச் சுலபம். யூத மாதம் அமாவாசை முடிந்து பிறை தெரியும்போது தொடங்கும், 15-ம் நாள் பௌர்ணமி. சூரிய வருடத்தோடு சேர்ந்துபோக 19 வருடத்தில் 7 முறை ஒரு மாதம் கூடுதலாக வரும், நம் பஞ்சாங்கத்தின் அதிக மாசம் போலவே. அதனால் அவர்கள் பண்டிகை பெரும்பாலும் நம் பண்டிகைக்குப் பக்கத்திலேயே விழும். 2025-ல் நவராத்திரி தொடங்கிய செப்டம்பர் 22 மாலைதான் அவர்களுக்குப் புத்தாண்டு. அதிக மாசம் இரண்டு கணக்கிலும் ஒரே வருடம் விழாவிட்டால் ஒரு மாதம் தள்ளிப்போகும், 2023-ல் அப்படித்தான் பிள்ளையார் சதுர்த்திக்கு முன்னாடியே புத்தாண்டு வந்துவிட்டது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: நாள் தொடங்குவது முந்தைய நாள் சூரிய அஸ்தமனத்தில். காலண்டரில் போட்ட தேதியன்று காலையில் போய் நின்றால் பாதிப் பண்டிகை முடிந்திருக்கும்.

புத்தாண்டு, ரோஷ் ஹஷானா. பெனே இஸ்ரேல் வீட்டில் ‘நவ்யாச்சா சண்’, புதுசின் பண்டிகை. இதற்கு ஒரு வாரம் முன்னாடியே மாவ்ஷி வீட்டில் கோதுமை ஊறும். ‘சிக்’ ஹல்வாவுக்காக. நம் திருநெல்வேலி அல்வாவுக்குச் செய்வது போலவேதான்: கோதுமையை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, அரைத்து, துணியில் பிழிந்து பால் எடுத்து, தெளிந்த நீரை இறுத்து, அடியில் தங்கும் மாவை எடுப்பார்கள். வித்தியாசம் அதற்கப்புறம். நாம் நெய்யை ஊற்றுவோம், அவர்கள் தேங்காய்ப் பாலை ஊற்றுவார்கள். இறைச்சியும் பாலும் ஒரே சாப்பாட்டில் சேரக் கூடாது என்பது யூதச் சட்டம். ஆட்டுக்கறி விருந்துக்கு அப்புறம் நெய்யும் பாலும் சேர்ந்த இனிப்பு சாப்பிட முடியாது, ஆகவே கொங்கணத்துத் தேங்காய் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பெரிய பாத்திரம், மர அகப்பை, கை மாற்றி மாற்றி மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். முதலில் கஞ்சி மாதிரி தளதளவென்று இருப்பது, ஒரு கட்டத்தில் அகப்பையைப் பிடித்து இழுக்க ஆரம்பிக்கும், அப்புறம் பாத்திரத்தின் ஓரத்தை விட்டு மொத்தமாகச் சுருண்டு எழும்பும். அப்போதுதான் மாவ்ஷி கொஞ்சம் எடுத்து நீரில் போட்டு, விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு தலையாட்டுவார். தாம்பாளத்தில் கொட்டி, மேலே பாதாம், பிஸ்தா தூவி, ஆறியதும் சாய்சதுரமாக வெட்டி, எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டு மேலே வரும். சிவப்பு நிறத்தில் கண்ணாடி போல இருக்கும். இப்போது பல வீடுகளில் கோதுமைக்குப் பதில் கடற்பாசியைப் போட்டு அரைமணியில் முடிக்கிறார்கள். அதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வாயில் நிற்காது.

புத்தாண்டின் முதல் நாள் மதியத்துக்கு மேல் ‘தஷ்லிக்’. ஓடும் நீர் அல்லது கடலின் ஓரத்தில் நின்று, பாவங்களைக் கடலின் ஆழத்தில் எறிந்துவிடும்படி கடவுளிடம் கேட்கிற ஜெபம், மீகா தீர்க்கதரிசியின் வசனத்திலிருந்து வந்தது. முதல் நாள் சனிக்கிழமையாக அமைந்துவிட்டால் மறுநாள் செய்வது பொது வழக்கம். மும்பையில் இதற்கு சசூன் டாக் பக்கம் போவார்கள். சசூன் குடும்பம் 1875-ல் கட்டிய துறை அது, இன்றைக்கு நகரத்தின் பெரிய மீன்பிடித் துறைகளில் ஒன்று. மழைக்காலத் தடை முடிந்து படகுகள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கியிருக்கிற நேரம், கோலிப் பெண்கள் கூடைகளோடு உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருப்பார்கள், அந்த வாடைக்கும் சத்தத்துக்கும் நடுவில் தலையில் குல்லாவும் கையில் ஜெபப் புத்தகமுமாக ஒரு சிறு கூட்டம் தண்ணீரைப் பார்த்து நின்று, உடையின் ஓரத்தை உதறும். கடற்கரை நகரத்தில் யூதப் பண்டிகையைப் பார்க்க வேண்டுமென்றால் நான் முதலில் சொல்வது இதைத்தான். தள்ளி நின்று பாருங்கள். படம் எடுக்காதீர்கள், பண்டிகை நாளில் அவர்கள் போனையும் கேமராவையும் தொடுவதில்லை.

அதற்கு மூன்று நாள் கழித்து ‘கீரிச்சா சண்’, பாயசப் பண்டிகை. யூத உலகத்தில் வேறு எங்கும் இது கிடையாது. புது அரிசியும் தேங்காய்ப் பாலும் போட்டுக் காய்ச்சுவார்கள், சாம்பிராணி போட்டு, கடவுள் ஒருவரே என்று சொல்கிற ‘ஷெமா’ ஜெபத்தைச் சொல்லிவிட்டுச் சாப்பிடுவார்கள். மற்ற ஜெபங்கள் எல்லாம் மறந்துபோன காலத்திலும் ‘ஷெமா இஸ்ரயேல்’ என்ற அந்த ஒன்று மட்டும் அவர்கள் வாயில் நின்றது. அந்த வரியையும் சனிக்கிழமை ஓய்வு போன்ற வழக்கங்களையும் வைத்துத்தான் பிற்காலத்தில் வந்த யூத ஆசிரியர்கள் இவர்களை அடையாளம் கண்டுகொண்டார்கள் என்பார்கள். எனக்கு இந்தப் பாயசம், புது நெல்லை முதலில் கடவுளுக்குப் படைக்கிற நம் புதிர் எடுக்கும் வழக்கத்தை நினைவுபடுத்தும். அறுவடை வாசலுக்கு வரும்போது கடவுளுக்கு முதலில் நன்றி சொல்லத் தோன்றுவது எல்லா ஊருக்கும் பொது.

பத்தாம் நாள் யோம் கிப்பூர். இவர்கள் வைத்த பெயர் ‘தார்ஃபால்னீச்சா சண்’, கதவடைக்கும் பண்டிகை. முந்தைய நாள் மாலை குளித்து வெள்ளை உடுத்திக் கதவைச் சாத்திக்கொண்டால் மறுநாள் நட்சத்திரம் தெரியும்வரை சுமார் 25 மணி நேரம் தண்ணீர்கூடக் கிடையாது, வெளியாட்களோடு பேச்சும் கிடையாது. இப்போது நாள் முழுக்க ஜெப ஆலயத்திலேயே இருக்கிறார்கள். முடியும்போது ஆட்டுக்கொம்பை ஊதுவார்கள், அந்த ஒரு நீண்ட ஓசையை வாசலில் நின்று கேட்டாலே போதும். அதற்கு மறுநாள் ‘ஷிளா சண்’, பழையது சாப்பிடும் பண்டிகை. ஏழைகளுக்குக் கொடுப்பதும் உறவினர் வீட்டுக்குப் போவதும் அன்றைக்கு. இறந்த முன்னோர் நோன்புக்கு முந்தைய மாலை வீட்டுக்கு வந்து, இந்த நாளில் திரும்பிப் போகிறார்கள் என்ற நம்பிக்கை பழைய தலைமுறையில் இருந்தது. மாளய அமாவாசை முடிந்து பத்துப் பதினோரு நாளில் இது வருவதை எங்கள் பாட்டி கேட்டபோது, ‘நம்ம மாதிரிதான்’ என்று சொல்லிவிட்டு அந்த வீட்டுக்கு அதிரசம் கொடுத்தனுப்பினார்.

அப்புறம் பௌர்ணமியில் சுக்கோத், கூடாரப் பண்டிகை. எகிப்தைவிட்டு வந்தபின் பாலைவனத்தில் குடிசையில் வாழ்ந்ததன் நினைவு, அறுவடைப் பண்டிகையும்கூட. ஜெப ஆலய முற்றத்தில் பந்தல் போட்டு, கூரைக்குத் தென்னங்கீற்று வேய்வார்கள். கூரை முழுக்க மூடக் கூடாது, இடுக்கு வழியே நட்சத்திரம் தெரிய வேண்டும், அக்டோபரில் ஒரு மழை பெய்தால் எல்லோரும் நனைய வேண்டியதுதான். உள்ளே பழங்களைக் கட்டித் தொங்கவிடுவார்கள். எட்டாம் நாளில் இருந்து ஜெபத்தில் மழைக்கான வரிகள் சேரும், காற்றை வீசச் செய்து மழையைப் பொழியச் செய்பவர் என்று. இது இஸ்ரேல் நாட்டின் பருவத்துக்கு எழுதப்பட்ட ஜெபம், அங்கே மழைக்காலம் அப்போதுதான் தொடங்கும். மும்பையில் அந்த வாரத்தில்தான் பருவமழை விடைபெறும். நான்கு மாதம் நனைந்து முடித்த ஊரில் நின்றுகொண்டு மழை கேட்பார்கள். யோசித்துப் பாருங்கள், அந்த ஜெபம் நம் ஐப்பசி மழைக்குத்தான் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. நான் முதல்முறை இதைக் கேட்டபோது சென்னைக்கு நினைப்பு போய்விட்டது.

கடைசி நாள் இரவு சிம்ஹாத் தோரா. வருடம் முழுக்கப் பகுதி பகுதியாக வாசித்த தோராவை (மோசேயின் ஐந்து நூல்களை) முடித்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும் நாள். சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு ஆடுவார்கள், பாடுவார்கள், பிள்ளைகள் ஓடுவார்கள். இளைஞர்கள் ஒரு ஜெப ஆலயத்தில் ஆடிவிட்டு அடுத்ததற்குப் போவது மும்பை வழக்கம். வெளியாளாகப் போய் உட்கார ஏற்ற இரவு இதுதான் என்பேன், யாரும் உங்களை ஓரமாக நிற்க விடமாட்டார்கள்.

ஹனுக்காவை வேகமாகக் கடந்துவிடுகிறேன். டிசம்பர் வாக்கில் எட்டு நாள் விளக்கு, கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் பெரிய விளக்குத்தண்டில் ஏற்றுவார்கள், கூட்டமாக இருக்கும், போனால் சுலபமாகப் பார்க்கலாம். ஆனால் பெனே இஸ்ரேலுக்கு இது பழைய பண்டிகை இல்லை, பிற்காலத்தில் கற்றுக்கொண்டது. ஹனுக்கா தோன்றியது கிறிஸ்துவுக்கு முன் 2-ம் நூற்றாண்டில், அதற்கு முன்பே நாங்கள் கிளம்பி வந்துவிட்டதால்தான் எங்களுக்கு அது தெரியவில்லை என்று அவர்களில் பலர் சொல்வார்கள். பல பண்டிகைகளின் பெயரே மறந்த சமூகத்தில் ஒன்று முழுசாக மறந்துபோயிருக்கவும் வாய்ப்புண்டு, எனவே நான் அதை நிரூபணமாக எடுத்துக்கொள்வதில்லை. அவர்கள் அதை எவ்வளவு பிரியத்தோடு சொல்கிறார்கள் என்பது மட்டும் எனக்குப் பிடிக்கும்.

தைப்பூசத்தை ஒட்டி வரும் தூ பிஷ்வாத், மரங்களின் புத்தாண்டு. 2026-ல் இரண்டும் பிப்ரவரி முதல் தேதியில் சந்திக்கின்றன. மற்ற நாட்டு யூதர்களுக்கு இது சின்ன நாள், பெனே இஸ்ரேலுக்குப் பெரிய நாள், ஏனென்றால் இது எலியா தீர்க்கதரிசிக்கு உரியது. அலிபாக் பக்கத்து கண்டாலா கிராமத்தில் ஒரு பாறை இருக்கிறது (மலைமேல் இருக்கிற கண்டாலா இல்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள்). எலியா தன் ரதத்தோடு வானேறிய தடம் அந்தப் பாறையில் பதிந்திருக்கிறது என்பது நம்பிக்கை. கேட்வேயிலிருந்து மாண்ட்வாவுக்குப் படகு, அங்கிருந்து சாலை. அங்கேதான் ‘மலீதா’ செய்வார்கள்: நனைத்த அவல், சர்க்கரை, துருவின தேங்காய், ஏலம், முந்திரி, திராட்சை, மேலே ரோஜா இதழ், சுற்றிப் பழங்கள். எலியாவின் பெயர் சொல்லிப் பாடிவிட்டு, மரத்தில் விளைந்ததற்கு ஒரு ஆசி, மண்ணில் விளைந்ததற்கு ஒன்று, தானியத்துக்கு ஒன்று, வாசனைக்கு ஒன்று என்று தனித்தனியாகச் சொல்வார்கள். பேரீச்சைக்கு ஒரு வாக்கியம், வாழைப்பழத்துக்கு வேறு வாக்கியம், வாழை மரமல்ல என்பதால். நம் வீட்டு கோகுலாஷ்டமி அவலைத் தின்று வளர்ந்த எனக்கு அந்தத் தட்டு அந்நியமாகப் படவே இல்லை. கல்யாணம், புதுவீடு, நேர்த்திக்கடன் எதற்கும் மலீதா உண்டு, இஸ்ரேலில் அஷ்தோதுக்கும் பேர்ஷேபாவுக்கும் குடிபோனவர்களும் இதை விடவில்லை.

மாசி, பங்குனி பௌர்ணமி வாக்கில் பூரிம். ஹோலியோடு சேர்ந்தே வருவதால் பெயரே ‘ஹோளிச்சா சண்’ என்று ஆகிவிட்டது. பாரசீகத்தில் யூதர்களைக் காப்பாற்றிய எஸ்தர் ராணியின் கதை வாசிப்பு, அவர்களை அழிக்கப் பார்த்த ஆமானின் பெயர் வரும்போதெல்லாம் பிள்ளைகள் தரையை உதைத்து சத்தம் போடுவது, பூரணம் வைத்த பண்டம்.

அடுத்த பௌர்ணமியில் பாஸ்கா, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதன் நினைவு. 2026-ல் நம் பங்குனி உத்திரமும் இதுவும் ஒரே நாள், ஏப்ரல் 1. இதற்கு வைத்த பெயர்தான் எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது: ‘அனாசி டாகாச்சா சண்’, அனாஸ் ஜாடியை மூடி வைக்கும் பண்டிகை. அனாஸ் என்பது மண்ஜாடியில் புளிக்க வைக்கிற ஒரு தொடுகறி. பாஸ்கா எட்டு நாளும் புளித்தது வீட்டில் கூடாது என்ற விதியின் காரணம், எகிப்து, மோசே கதை எல்லாம் மங்கிப்போன தலைமுறையிலும், அந்த ஜாடியை மட்டும் யாரோ ஒரு பாட்டி சரியான வாரத்தில் மூடிக்கொண்டே இருந்திருக்கிறார். அரிசியை இவர்கள் விலக்குவதில்லை, ஐரோப்பிய யூதர்களில் பலர் அதையும் விலக்குவார்கள்.

ஆடி ஆவணியில் வருவது துக்க நோன்பு, எருசலேம் ஆலயம் இடிந்த நாள். பெயர் ‘பிர்டியாச்சா ரோஜா’, பிர்டா நோன்பு. முளைகட்டிய மொச்சைக் கறியான ‘பிர்டா’வை, தரையில் உட்கார்ந்து வாழையிலையில் சாப்பிடுவது வழக்கம். அந்த நாட்களில் கறி கிடையாது. அக்கம்பக்கத்து மராத்தி வீடுகளிலும் சிராவண மாதம் நடக்கும் என்பதால் தெருவே சைவமாக இருக்கும்.

இனி நடைமுறை. மும்பையிலும் தானேயிலும் சேர்த்து ஆட்கள் சில ஆயிரம்தான், பெரும்பாலோர் 1948-ல் இஸ்ரேல் உருவான பின் அங்கே போய்விட்டார்கள். பெரிய கூட்டம் இப்போது தானேயில், 1879-ல் கட்டிய ஷார் ஹஷமாயிம் ஆலயத்தில். 2008 தாக்குதலுக்குப் பின் எல்லா ஜெப ஆலயத்திலும் காவல் உண்டு, அடையாள அட்டை கேட்பார்கள், கொடுங்கள், அதில் சங்கடப்பட ஒன்றும் இல்லை. சாதாரண நாளில் போய் அலுவலகத்தில் பேசி, இன்ன பண்டிகைக்கு வரலாமா என்று கேளுங்கள். ஆண்கள் தலையை மூட வேண்டும், கைக்குட்டை போதும். பெண்கள் தனியாக அல்லது மாடியில் உட்காருவார்கள்.

யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் பால்கோவா, மைசூர்பாகு எல்லாம் வாங்கிப்போகாதீர்கள், கறி விருந்தென்றால் அதை மேசையில் வைக்கக்கூட முடியாது. பழம் எதுவானாலும் சரி. நல்ல உலர்ந்த கறுப்புத் திராட்சை கிடைத்தால் அதைவிட நல்லது. வெள்ளி இரவுக்கும் பண்டிகைக்கும் ஆசி சொல்லிக் குடிக்கிற ஒயினுக்குப் பதிலாக, திராட்சையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டிய ஷர்பத்தைத்தான் இந்த வீடுகளில் தலைமுறைகளாக வைத்து வருகிறார்கள். வியாழக்கிழமை ராத்திரி மாவ்ஷி வீட்டுப் பித்தளைச் சொம்பில் அந்தத் திராட்சை ஊறிக்கொண்டிருக்கும், வெள்ளி சாயங்காலம் அவர் விளக்கேற்றின பிறகு எனக்கும் ஒரு சின்னக் குவளையில் கிடைக்கும்.